தோற்றவனுக்கு விழுந்த ஒற்றை ஓட்டு

பல் துலக்கும் முன்பே அந்தத் தெருவில் எல்லோரும் சுவரைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு வீடு கணிப்புத்திரை. யார் ஜெயிப்பார் என்று அன்றன்றைய சதவீதம் அதில் ஓடும். திரை யாரைச் சொல்கிறதோ அவருக்கே ஓட்டு. தோற்பவருக்கு ஓட்டுப் போட்ட தெருவுக்கு அடுத்த தேர்தல்வரை குடிநீர் கடைசியில்தான் வரும் என்பது சட்டம். தொண்டை வறண்டு கிடக்கையில் கொள்கை பேச யாருக்குத் தெம்பிருக்கிறது?

பிலோமினா கணிப்பு மையத்தில் சரிபார்ப்பாளர். வேலைக்குச் சேர்ந்ததே ஒருவனைக் கருவறுக்கத்தான். போன தேர்தலில் அவள் கணவன் சவரியப்பன் வார்டுக்கு நின்றான். ஊரே அவன் பக்கம். எதிராளி வேதமுத்து மையத்தில் ஆளைப் பிடித்து, சவரியப்பனுக்கு இரண்டு சதவீதம் என்று திரையில் ஓடவிட்டான். விழுந்தது ஒரே ஓட்டு. அது பிலோமினா போட்டது. தனக்கே போட்டுக்கொள்ளாத சவரியப்பனால் அதன்பின் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் படகேறிப் போனவன் திரும்பவேயில்லை.

இந்த முறை வேதமுத்துவுக்கு அவள் அதே இரண்டைப் போட்டாள். பொய்க்கணக்கு போடக் கற்றவன் பொய்யைக் கண்டுபிடித்துவிடுவானோ என்று மட்டும் பயந்தாள். அவனோ ஊரோடு சேர்ந்து திரையை அப்படியே நம்பினான். அவனுக்கும் ஒரே ஓட்டு. பிலோமினாவுக்கு வயிறு குளிர்ந்தது. அன்று ஆசையாக மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டாள். அந்த ஒன்றை அவனே போட்டுக்கொண்டிருப்பான் என்பதுதான் உறுத்தியது.

மறுநாள் காலை வேதமுத்துவின் மனைவி ரோசலின் வந்து வாசலில் நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அந்த ஒரு ஓட்டு நான் போட்டது அக்கா," என்றாள். "அவரு தனக்கே போடல. இப்ப எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காரு, பேச மாட்டேங்காரு. இந்த ஊர்ல உங்களுக்குத்தான இது தெரியும்?"

அந்த வீட்டு ஆட்களைக் கண்டால் காறித் துப்பக் காத்திருந்தவள் பிலோமினா. ஆனால் இவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ரோசலின் அதைத் தொடவில்லை.

மையத்துக்குள் இருக்கும் யாரோதான் எண்ணை மாற்றியிருக்க வேண்டும் என்றாள். அது யாரென்று கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்றாள். பிறகு பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அங்க ஒரு வேலை வாங்கித் தாங்கக்கா."