படத்தில் ஏறாத குழாய்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், காஜா பெராங் பகுதியில் தியாகு வாடகைக்கு எடுத்த வீட்டில் அவனுக்குப் பிடித்ததே அடுக்களைக் குழாய்தான். ஊரின் தண்ணீர்க் குழாய்களைப் படமாக வரைந்து வைப்பது அவன் வேலை. எங்கே குழாய் புதைத்தாலும் அடைத்தாலும் அன்றைக்கே படத்தில் உள்ள கோட்டை மாற்ற வேண்டும். கண்ணால் பார்க்காததை வரையக் கூடாது. போரில் பழைய படங்கள் தொலைந்ததால் பாதி ஊர் இன்னும் புதுப் படத்தில் ஏறவில்லை.

ஒரு நாள் பழுது பார்க்க வால்வை மூடினார்கள். காஜா பெராங் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் வீட்டில் மட்டும் கொட்டியது.

அவன் மனைவி விஜயா குடிவந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று. டாக்டரும் கையை விரித்துவிட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரிந்தால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினான், பாவம்.

குழாய் போடும் மருதமுத்துவை அழைத்துவந்து கொல்லையைத் தோண்டினான். வேலியோரம், வீட்டுக்குள் வரும் குழாய் அறுபட்டுக் கிடந்தது. உள்ளே காய்ந்த மண்.

மருதமுத்துவுக்கு முகம் வெளுத்தது. தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் இந்த வீட்டுப் பெண்ணுக்கு விஷக்காய்ச்சலாம். அக்கம்பக்கத்தார் அவளை உள்ளே வைத்துக் கதவை ஆணியடித்தார்களாம். நோய் குழாய் வழியே தங்கள் வீட்டுக்கும் வந்துவிடும் என்று பயந்து அதையும் அறுத்தார்களாம்.

தியாகு கசிவு கேட்கும் கட்டையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தான்.

தண்ணீர் ஓடும் சத்தம் இல்லை.

மூச்சு வாங்கும் சத்தம்.

“நாக்கு வறளுது,” என்றது ஒரு பெண்குரல். “எனக்காக இன்னும் ஒரு வாய் குடி.”

அடுக்களையில் குவளை நிரம்பும் சத்தம் கேட்டது.

“தம்பி, இத வரையாதீங்க,” என்று மருதமுத்து கிசுகிசுத்தார். “தங்கச்சிய கூட்டிக்கிட்டுப் போயிடுங்க.”

அன்று மாலையே புக்கிட் ரம்பாயில் இருந்த விஜயாவின் அக்காள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே குழாயே கிடையாது, கிணறுதான். விஜயா இரண்டு கவளம் சாப்பிட்டாள். தியாகுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

விடியும்போது அவள் பாயில் இல்லை.

வெறும் பலகைச் சுவரோரம் குவளையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“அவங்க இன்னும் தாகமாத்தான் இருக்காங்க,” என்றாள் மெதுவாக.

தியாகு அவள் கையைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். பலகை காய்ந்துதான் கிடந்தது.

குவளை மட்டும் நிரம்பிக்கொண்டே வந்தது.