ஆவாரை இல்லாத காப்பு

அந்தக் காப்பில் மஞ்சள் இல்லை. வேப்பிலை இருந்தது, வெள்ளையாய்ப் பூளைப்பூ இருந்தது. ஆவாரம்பூ மட்டும் கிடைக்கவில்லை. போகியன்று பொழுது சாய்வதற்குள் மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல் நிலையில் செருகினால்தான் வேண்டாதது வீட்டுக்குள் வராது.

தொண்டாமுத்தூரில் ஆவாரை நின்ற மேடெல்லாம் வீட்டுமனையாகிவிட்டது. மலையடிவாரத்துக் கல்லாங்காட்டில் மட்டும், வேறெதுவும் பிழைக்காத சரளைமண்ணில், அது ஆளுயரத்துக்குப் பூத்து நின்றது. அங்கே போகக் கணவர் நரசிம்மலு வண்டியை எடுத்தபோது கனகம் தடுத்தாள்.

"ஆனை எறங்கற நேரமுங்க. இருக்கறத வெச்சுக் கட்டிக்கலாம்."

"ஆனைக்கு மட்டும் நோம்பி இல்லையா அம்மணி? அதும் பூப்பறிக்க வந்திருக்கும். பேசிப்போட்டு வாரேன்."

இருட்டுக் கட்டும்போது பக்கத்துத் தோட்டத்துப் பிரீத்திகா போன் செய்தாள். "அக்கா... கல்லாங்காட்டுல ஆனை அடிச்சு ஒருத்தரு போயிட்டாருங்களாமா. பக்கத்துல கெடக்கறது உங்க வண்டியாட்ட இருக்குதுங்க்கா. ஆனை ஊருக்குள்ள வந்துருச்சு, கதவத் தொறந்துராதீங்க."

கனகம் ஆவாரை இல்லாத காப்பையே செருகித் தாழிட்டாள். தொலைவில் யானை விரட்டும் வெடிச்சத்தமும், எங்கோ நாய் ஒன்று குரைக்கத் தொடங்கிப் பாதியில் அடங்கியதும் போக, வாசல் சரளையில் ஏதோ இழுபட்டு வரும் ஓசை கேட்டது. காலடி இல்லை. இழுபடும். நிற்கும். இழுபடும்.

"அம்மணி."

அவர் குரல்தான். ஆனால் கதவின் அடியிலிருந்து வந்தது. நிற்கிற மனிதனின் வாய் அங்கே இருக்காது.

செத்தவர்கள் இரண்டு முறைதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டால்தான் மனுசன். அதுவரை வாய் திறக்கக்கூடாது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நகம் கதவைச் சுரண்டியது.

"அம்மணி... காப்புக்குப் பூ."

இரண்டு.

அவள் காத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை. கதவுக்கு அடியில் மூச்சு இழுத்தது. நெடுநேரம் இழுத்தது.

விடிந்ததும் பிரீத்திகாவின் அலறல் கேட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தாள். யானை கொன்றது வேறொருவரை. அது தட்டிவிட்டதில் நரசிம்மலு இடுப்பொடிந்து அரை மைல் ஊர்ந்து வந்திருந்தார். கன்னம் வாசற்படியில். மூடிய கையில் ஆவாரம்பூ.

தூக்க வந்தவர் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "ஒடம்பு இன்னும் சூடு ஆறலீங்களே."

காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிப்போன நாள், பொழுது சாய்ந்தது. நிலையில் இப்போது மூன்றும் இருந்தன. அவர் கையிலிருந்து எடுத்த ஆவாரையை அவளே செருகியிருந்தாள். வேப்பிலை சருகாகிவிட்டது. பூளை உதிர்ந்துவிட்டது. ஆவாரை வாடவில்லை.

சரளையில் இழுபடும் ஓசை. நின்றது.

கதவின் அடியிலிருந்து.

"அம்மணி."

மூன்று.

இடுக்கின் வழியே ஈரமான மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளப்பட்டு வந்தன. அவள் கை தாழ்ப்பாளை எடுத்துவிட்டிருந்தது.