குடும்பத்துக்காகப் பயப்படுகிறவள்

அளவீட்டு வாரத்தில் மூன்றாம் தளத்தில் யாரும் சிரிப்பதில்லை. சிரிக்கக் கூடாதென்று சட்டம் எதுவும் கிடையாது. செவ்வாயின் ஏழாம் குவிமாடத்தில், பூமியிலிருந்து தப்பி வந்த அகதிக் குடும்பங்கள் குடியிருக்கும் தளம் அது. சிரிக்காமலிருப்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம். விளையாட்டுச் சாமான்கள் அலமாரிக்குப் போய்விடும். ருசியாக எதுவும் சமைக்க மாட்டார்கள். கணவன்மார் வேலைக்குக் கிளம்புமுன் மனைவிமாரை உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பயமுறுத்துவார்கள். சில வீடுகளில் மனைவிமார் கணவன்மாரை. அந்த வீட்டின் அச்சப் பொறுப்பாளர் யாரோ, அவரை.

நிரோஜினியின் வீட்டில் அது அவள்தான்.

விதி எளிமையானது. தாய்நிலத்துக்குத் திரும்ப ஒருவர் உண்மையிலேயே அஞ்சும்வரை குவிமாடம் அவரைக் காக்கும். அச்சத்தை வாயால் சொன்னால் போதாது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த, அரிசிமணி அளவான அச்சமானி சொல்ல வேண்டும். குடும்பத்தில் ஒருவரை அளந்தால் போதும்; மற்றவர்கள் அவருடைய அச்சத்தின் நிழலில் தங்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கொன்றாக ஐந்து அளவீடுகளிலும் கோட்டுக்கு மேல் நின்றால் நிரந்தரக் குடியிருப்பு. ஒருமுறை கீழே இறங்கினாலும் ஆபத்து நீங்கிவிட்டதென்று பொருள். அடுத்த கப்பலில் எல்லோருக்கும் இடம் போட்டுவிடுவார்கள். அவள் குடும்பத்துக்கு இது ஐந்தாவது, கடைசி அளவீடு.

முதலில் அந்தப் பொறுப்பு அவள் கணவன் சத்தியசீலனிடம் இருந்தது. அவனுக்குத் தக்காளிக் கூடத்தில் வேலை கிடைத்தது. செடிகளோடு பேசிப் பேசி ஆள் குணமாகிவிட்டான். பொறுப்பை ஒருமுறை கைமாற்ற விதியில் இடமிருந்தது. அப்போது அவளிடம் பயம் தாராளமாக இருந்தது, வாங்கிக்கொண்டாள்.

அன்று காலை அவன் அவள் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"நீர் கண்ணை மூடும். தும்பியள் வருது. கடற்கரைப் பக்கமா வருது. சத்தம் கேக்குதோ?"

வேட்டைத் தும்பிகள் என்பவை உடற்சூட்டைத் தேடி வரும் சிறிய பறக்கும் இயந்திரங்கள். மன்னார்க் கரையில் அவளுடைய தம்பி பிரகலாதனை அவைதான் கண்டுபிடித்தன. சத்தியசீலன் உதட்டைக் குவித்து ரீங்கரித்தான். மகள் ஆரபி அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள். தக்காளிப் பூக்களுக்கு மகரந்தம் சுமக்கும் இயந்திரத் தேனீ ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதென்று நினைத்தாளாம். அப்பாவின் வாயைப் பார்த்து ஏமாந்து நின்றாள். நிரோஜினி சிரித்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் வெருட்டுறீங்களோ, பகிடி விடுறீங்களோ?"

"எனக்கு வேற எப்பிடிச் செய்யிறதெண்டு தெரியேல்லையப்பா," என்றான் அவன். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

பயம் எப்போது தன்னை விட்டுப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ரீங்காரம் கேட்டால் உடம்பு சுருண்டுகொண்ட காலம் இருந்தது. பிறகு ஏதோ ஒரு நாள், அதே ஒலி கேட்டபோது நாக்கில் தக்காளியின் புளிப்பு ஊறியது. அன்றிரவு குற்றவாளி போலப் படுத்திருந்தாள். பயத்தோடு சேர்த்துத் தம்பியிலும் கொஞ்சத்தைத் தொலைத்துவிட்டோமோ என்று இருந்தது.

ஆரபி இங்கே பிறந்தவள். செவ்வாயின் மெல்லிய ஈர்ப்பில் வளர்ந்த எலும்புகள் அவளுக்கு. பூமியில் அந்தக் கால்களால் நிற்க முடியாது, மூச்சிழுப்பதே பாரமாக இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிரோஜினி அதை மனுவாக எழுதிப் பார்த்தாள். தாய்நிலத்தின் ஆபத்தைப் பற்றி மட்டுமே விதி பேசுகிறது, குழந்தையின் எலும்பு அதில் வராது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அளவீட்டு நிலையத்தில் மெத்தென்ற நாற்காலி; சுவரில் வெளிர்நீலக் கோடு. அதன் கீழே அவளுடைய அச்சம் பச்சைப் புள்ளியாகக் கிடந்தது. அதிகாரி லியோரா அன்பான பெண். எந்த அகதியிடமும் குரலை உயர்த்தாதவள். குவிமாட மொழியில் அவள் பேசியதைச் செவிமாற்றி புத்தகத் தமிழாக்கி நிரோஜினியின் காதில் சொன்னது. தாய்நிலத்தை நினைத்துக்கொள்ளும்படி லியோரா கேட்டுக்கொண்டாள்.

நிரோஜினி தம்பியை நினைத்தாள். அவன் விழுந்து கிடந்த கோலத்தை இழுத்து இழுத்துப் பார்த்தாள். வந்ததோ, கோணலாக வகிடெடுத்துக்கொண்டு, சரியாக இருக்கிறதா அக்கா என்று கேட்கும் முகம்தான். கண்ணீர் வழிந்தது. புள்ளி அசையவில்லை. துக்கத்தை அந்தக் கருவி கணக்கில் எடுப்பதில்லை.

லியோரா அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்கள் மனம் ஆறிவிட்டது. எங்களுக்கு இதைவிட மகிழ்ச்சி ஏது? இனி நீங்கள் மூவரும் அச்சமின்றி வீடு திரும்பலாம்."

நிரோஜினியின் கண்முன் கப்பலின் இறங்குபலகையும், அதில் ஏந்திக்கொள்ள ஆளின்றி மடங்கும் இரண்டு சின்னக் கால்களும் தெரிந்தன. அவளால் அந்தக் கைகளிலிருந்து தன் கையை உருவ முடியவில்லை. பச்சைப் புள்ளி துடித்தது. மேலேறிக் கோட்டைத் தாண்டியது. இந்த நிலையத்தில் யாருக்கும் ஏறாத உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

லியோராவின் சிரிப்பு அணைந்தது. "வீடு என்ற சொல்லுக்கே இவ்வளவா?" என்றாள். அவள் கண்ணும் நனைந்துவிட்டது. "அங்கே உங்களை அப்படி என்னதான் செய்தார்கள், தோழி?"

அச்சத்தின் ஊற்று தாய்நிலம், தணியும் அறிகுறி இல்லை என்று லியோரா கருவியிடம் சொன்னாள். நிரந்தரக் குடியிருப்பு அங்கேயே உறுதியானது. காதின் பின்னாலிருந்து அரிசிமணியை எடுத்து, சிறு பஞ்சை ஒட்டி, தன் சால்வையையே அவள் தோளில் போர்த்தி வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

வெளியே ஆரபியைத் தோளில் வைத்தபடி சத்தியசீலன் காத்திருந்தான். பஞ்சைக் கண்டதும், இனிக் கப்பல் இல்லையென்று அவனுக்கு விளங்கிவிட்டது. நடைபாதை திரும்பும் இடத்தில்தான் அவன் மெல்லக் கேட்டான்.

"தும்பியளை நினைச்சனீரோ?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"அப்ப ஆரை நினைச்சுப் பயந்தனீர்?"

அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த மனுசியைத்தான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவ."