இருவருக்கும் ஒரே கயிறு

காய்ச்சல் ஒரு குழந்தையை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவதைச் சங்கரி அன்று காலைதான் கவனித்தாள். தங்க உருண்டை மேக்னாவின் கழுத்தில் இருந்தால் வருணுக்கு உடம்பு கொதித்தது. கழற்றி வருணுக்குப் போட்டால், துணி மாற்றுவதற்குள் மேக்னாவின் கண்கள் செருகிக்கொண்டன.

நெல்லிக்காய் அளவு உருண்டை. கணவன் சந்தானத்தின் தாத்தா கரூரில் ஆற்று மணலில் எடுத்தது. அந்தக் காலத்து ரோமாபுரியில் கெட்ட பார்வை அண்டாமலிருக்கப் பிள்ளைகளுக்கு இதைப்போல் ஒன்றைக் கட்டுவார்கள் என்று யாரோ படித்தவர் சொன்னாராம். பிறந்ததோ இரட்டை, உருண்டை ஒன்றே ஒன்று.

"மாத்தி மாத்திப் போடறியே, அதுக்கென்ன ஷிப்ட் டியூட்டியா?" என்றான் சந்தானம், டிபன் பாக்ஸை எடுத்தபடி.

"யாருக்குப் போடலையோ அவங்களுக்குத்தாங்க வருது."

"வைரல் ஃபீவர்னு டாக்டரே சொல்லியாச்சு. மருந்தைக் குடு."

அலிப்பூர் ஆபீசுக்கு அவன் போனபின் மழை பிடித்தது. மதியம் கரண்ட் போய், மின்விசிறி முனகி நின்றதும், பவானிபூர்த் தெருவின் டிராம் மணியும், கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா மீன் பொரிக்கும் கடுகெண்ணெய் நெடியும் ஒவ்வொன்றாக அடங்கி, கட்டிலைச் சுற்றிக் கொசுவலையை யாரோ விரலால் வருடிக்கொண்டே போகும் ஓசை மட்டும் மிஞ்சியது.

ஓசை வருணின் பக்கம் நின்றது. அவன் கழுத்து வெறுமையாக இருந்தது. வலை உள்நோக்கிக் குழிந்தது. ஒரு சின்ன முகம் அழுந்தினால் குழிவது போல.

சங்கரி வலைக்குள் பாய்ந்தாள். மேக்னாவின் கழுத்திலிருந்த உருண்டையைக் கழற்றி நீளமான சிவப்புக் கயிறு ஒன்றில் கோத்தாள். இரண்டு பிள்ளைகளையும் ஒட்டிப் படுக்கவைத்து, இருவர் இடுப்பையும் சேர்த்து, தளர்வாக ஒரே சுற்றாகக் கட்டினாள்.

வலை நிமிர்ந்தது. ஓசை இல்லை. இரண்டு நெற்றியும் குளிர்ந்தன. அவளுக்கு அழுகை வந்தது. கயிற்றுக்குள் யாரும் வர முடியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வருண் சிணுங்கினான். கயிறு இறுக்கியிருக்குமோ. போர்வைக்குள் கைவிட்டாள். கயிறு விறைத்து நின்றது. தளர்வாகத்தானே கட்டினாள்.

போர்வையை விலக்கினாள்.

இந்தப் பக்கம் வருண். அந்தப் பக்கம் மேக்னா.

நடுவில் ஒன்று.

அதே கயிற்றுக்குள். தங்க உருண்டையை வாயில் வைத்துச் சப்பியபடி. திறந்த கண்களால் அவளைப் பார்த்தபடி.

வருணும் மேக்னாவும் ஆளுக்கொரு கையால் அதை அணைத்துக்கொண்டு தூங்கினார்கள்.