வெற்றுச் சிப்பு

கரண்ட் திரும்பி வந்தபோது ரேடியோ போர்டில் பச்சை விளக்கு எரியவில்லை; ஆனால் ஸ்பீக்கர் மட்டும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கருக்குத் தனி மின்சாரம், இரையத்தான் செய்யும் என்று சுகிர்தம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ராயபுரத்தில் ஐஸ் கம்பெனியின் மாடியில் அவள் அறை. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை, டீசலும் மீன் கவிச்சியும் கலந்து வரும் ஈரக் காற்று, பொழுது சாயும் முன்பே கறுத்துப்போன துறைமுகம், கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம். அவள் செய்த ரேடியோ ஒரு தினுசானது. உள்ளே இருக்கும் சிப்புக்கென்று சொந்த வேலை கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து வடிவமைப்பை ஏற்றினால் அது ரேடியோ. ஏற்றாவிட்டால் வெறும் கல். கரண்ட் போனால் மறுபடி ஏற்ற வேண்டும்.

தம்பி சாவியோவின் படகிலும் இதே பெட்டிதான். பழைய செட்டைக் கழற்றச் சொன்னதும் அவள்தான். படகு கடலில் இருக்கும்போதே காற்று வழியாகப் புது வடிவமைப்பை அனுப்பிக் காட்டுகிறேன் என்று மத்தியானம் ஆரம்பித்தாள். படகுப் பெட்டியில் பழைய வடிவமைப்பு அழிந்தது, புதியது பாதி போவதற்குள் இங்கே கரண்ட் போய்விட்டது. பழையதற்கு ஒரு நகலை அந்தப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். இப்போது புயல் எச்சரிக்கை, அவனிடம் இருப்பதோ ஊமைப் பெட்டி.

"அக்கா, கேக்குதா?"

சாவியோவின் குரல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாய்ந்துபோய் மைக்கை அழுத்தினாள்.

"டேய், எங்கடா கீற?"

"கிட்டதான். வந்துகினு கீறேன்."

அப்புறம்தான் உறைத்தது. அவன் பெட்டியில் ரேடியோ இல்லை. இவள் போர்டிலும் இன்னும் எதையும் ஏற்றவில்லை. அங்கே பேச ஒன்றுமில்லை. இங்கே கேட்க ஒன்றுமில்லை.

ஆன்டெனா கேபிளைப் பிடுங்கினாள்.

"ஏங்க்கா கயட்டற?"

எல்லா பிளக்கையும் பிடுங்கினாள். இரைச்சல் நின்றது. குரலுக்குப் பின்னால் கேட்ட தண்ணீர் புரளும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் நிற்கவில்லை. பிறகு ஒரு இருமல். பெண் இருமல்.

"கைய வுடாதடா."

சுகிர்தத்தின் குரலேதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"வுடலக்கா. புட்ச்சிகினுதான் கீறேன்."

இடது மணிக்கட்டில் ஈரம். விரல் விரலாக இறுகியது.