மல்லிகைக் கூடைக்குப் பின்னால் ஒரு பிளக்

"ஏங்க... ஏங்க! எதைப் புடுங்குனீங்க?"

மழைக்கு ஒதுங்கியவன் திடுக்கிட்டுத் திரும்பினான். ஒரு கையில் உயிர் போன செல்போன். இன்னொரு கையில் அப்போதுதான் பிடுங்கிய பிளக். எதிரே கோபத்தில் படபடக்கும் இரண்டு கண்கள்... அப்பப்பா, என்ன கண்கள்! சுடர்விழி என்று பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

"இல்லீங்க... போன் சார்ஜ் போடலாம்னு..."

"அதுக்கு எங்க சர்வர்தான் கெடச்சுச்சா?"

கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் அவள் அப்பா ஆத்மநாதனின் கமிஷன் கடை அது. சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மல்லிகைக் கூடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஆனால் கடையின் எல்லாத் தராசுகளும் அதை நம்பித்தான் இருந்தன. பூவைத் தராசில் வைத்ததும் எடையும் விலையும் விவசாயியின் போனுக்கே போய்விடும். இப்போது ஒரு தராசும் பேசவில்லை.

"என்ன ஆத்தா, மிஷினு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கு? பூ வாடுதுல்ல!" என்று பூ கொண்டுவந்திருந்த ராக்காயி குரல் கொடுத்தாள்.

சுடர்விழி பிளக்கைப் பறித்து மாட்டினாள். கம்ப்யூட்டர் சோம்பல் முறித்து எழுவதற்குள் நாலைந்து கூடைகள் பக்கத்துக் கடைக்கு நடந்துவிட்டன.

"ஆமா, நீங்க யாரு?"

"கவியரசன்... புதுக்கோட்டை கம்பெனிலேருந்து வாரேன். ஒங்க சர்வரை நிறுத்தாம அப்கிரேட் பண்ணிக் குடுக்க..."

கடை மொத்தமும் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பாள்? துண்டுச் சீட்டை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வரலாம் என்று அப்பாவிடம் சண்டை போட்டு ஜெயித்தவள் அவள்தான். பழைய சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது, மாற்றியே ஆகவேண்டும் என்றபோது ஆத்மநாதன் ஒரே வார்த்தை சொல்லியிருந்தார்: "மாத்திக்க. ஆனா முகூர்த்த நேரத்துல ஒருதரம் நின்னுச்சுன்னாலும் மறுபடி சீட்டுதான்."

"சாதாரணமா இதுக்கு அரை நாள் நிறுத்தணும்..." என்று கவியரசன் தொடங்கினான்.

"அரை நாளா? காலையில மல்லி, மத்தியானம் சம்பங்கி, சாயங்காலம் ரோஜா. எந்த அரை நாளை நிறுத்துவீங்க? வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க சார்."

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கீரனூரில் பிறந்தவனுக்கு ரோஷம் கொஞ்சம் தூக்கல்தான். மழையிலேயே இறங்கிப் போனான். போகிறவனின் நனைந்த முதுகைப் பார்த்தபோது அவளுக்குள் என்னவோ செய்தது... ச்சே, நமக்கென்ன!

மறுநாள் அவன் திரும்பி வந்தான். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த இன்னொரு கம்ப்யூட்டரோடு.

"பழசை நான் தொடவே மாட்டேங்க. புதுசுல எல்லாத்தையும் ஏத்திப் பக்கத்துலயே ஓட விடுறேன். தராசுல விழுற எடை ரெண்டுக்கும் போகும். ரெண்டும் ஒரே கணக்குச் சொன்னாத்தான் மாத்துவேன். சரியா வரலைன்னா பழசு அப்படியேதான் இருக்கும். போதுமா?"

"...ம்."

அந்த 'ம்'முக்குள் பாதிக் கோபம் கரைந்திருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு கம்ப்யூட்டரும் ஒற்றுமையாகத்தான் ஓடின, மழை பெய்யும்வரை. மழை வந்ததும் புதியது ஒரு கணக்கு, பழையது ஒரு கணக்கு.

"பாத்தீங்களா? ஒங்க மிஷின் எடையைக் கூட்டிச் சொல்லுது!" என்று துள்ளினாள் சுடர்விழி. "இதைத்தான் முகூர்த்தத்தன்னைக்கு ஓட விடப் பாத்தீங்க!"

"மல்லிக்கு மட்டும் இல்லீங்க, நனைஞ்சு வந்த எல்லாப் பூவுக்கும் கூடக் காட்டுது. மழைக்கும் கணக்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. ஈரக் கழிவு! நனைந்த பூவுக்குத் தண்ணீர் எடையைக் கழிப்பது கடையின் வழக்கம். பழைய கம்ப்யூட்டரில் அதை ஓர் ஓரமாகச் சேர்த்து வைத்தவளே அவள்தான். ஆனால் அவனிடம் சொல்லவில்லை. பூக்கடையில் பிறந்தவளுக்கு அது ஊருக்கே தெரிந்த விஷயம், சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

"தப்பு... என்மேலதாங்க," என்றாள் தரையைப் பார்த்து.

வகையாக மாட்டிக்கொண்டோம், இனி வட்டியும் முதலுமாகக் கொடுப்பான் என்று நினைத்தாள். அவனோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தான். "நல்லவேளை, மழை பெஞ்சுச்சு. இல்லைன்னா ரெண்டு பேரும் மாட்டியிருப்போம்."

ரெண்டு பேரும்... அந்த வார்த்தை அன்று முழுவதும் அவள் காதிலேயே இருந்தது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கடையில் எள் போட்டால் எள் விழாது. ஈரக் கழிவையும் ஏற்றியபின் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே கணக்குத்தான் சொல்லின. மாற்றலாமா என்று கவியரசன் கண்ணால் கேட்டான். அவள் தலையசைத்தாள். ஒரு கூடை இறங்கி அடுத்த கூடை ஏறுவதற்குள் தராசுகள் புதியதற்கு மாறிவிட்டன.

"ஏத்தா, கம்ப்யூட்டர மாத்தப் போறேன்னியே, எப்ப?" என்று கேட்டாள் ராக்காயி, தன் போனில் வந்த விலையைப் பார்த்துக்கொண்டே.

சுடர்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கல்லாவிலிருந்த ஆத்மநாதன் மேஜையிலிருந்த சீட்டுக் கட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

வேலை முடிந்தது. ஆனால் கவியரசன் வருவது நிற்கவில்லை. "அவசரத்துக்கு இருக்கட்டும்னு பழசையும் ஓட விட்டிருக்கேன், தினம் பாக்கணும்" என்பான். அவன் வராத நாளில் அவளே போன் செய்வாள்: "பழைய மிஷின் என்னமோ சத்தம் போடுதுங்க..." உடனே ஓடி வருவான். குனிந்து பார்ப்பான். டீ குடிப்பான். போவான்.

இன்றும் அப்படித்தான். சொட்டச் சொட்ட நனைந்து வந்தான்.

"பழைய மிஷின் எப்படி இருக்கு சார்?"

"சூப்பரா ஓடுதுங்க. இன்னும் கொஞ்ச நாள் பாத்தாத் தேவல..."

அவளால் அடக்க முடியவில்லை. கலகலவென்று சிரித்தபடி மல்லிகைக் கூடையை இங்கிட்டு நகர்த்தினாள். பழைய கம்ப்யூட்டரின் பிளக் சுவரோரம் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ... யாரு புடுங்கினா?"

"நான்தான். நீங்க மாத்திக் குடுத்த மறுநாளே."

"அப்ப... சத்தம் போடுதுன்னு போன் பண்ணீங்களே?"

அவள் முகம் செவ்வரளியாகச் சிவந்தது. "நீங்க மட்டும்? ஓடாத மிஷினைப் பாத்து தினம் 'சூப்பரா ஓடுது'ன்னீங்களே?"

அவன் தலையைச் சொறிந்தான். மழை அவனுக்காகக் கொஞ்சம் உரக்கப் பெய்தது.

"நான் மிஷினைப் பாக்கவே இல்லீங்க, சுடர்விழி. ஒங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்... எனக்கு ஒங்களை ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் அவன் கையிலிருந்த செல்போனை எட்டி வாங்கினாள். வழக்கம்போல் உயிர் போயிருந்தது. சார்ஜரையும் வாங்கி, பழைய கம்ப்யூட்டரின் பிளக் இருந்த அதே இடத்தில் தானே மாட்டினாள்.

"இனிமே இந்த எடம் ஒங்களுக்குத்தான்," என்றாள். "யாரு கேட்டாலும் புடுங்க விட மாட்டேன்."