தொப்புளுக்கு மேலே ஒரு கோடு

தையல் மிஷின் ஓடவில்லை. நசீருதீன் மிதித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தான். குனிந்து பார்த்தால் வலது கால் பெடலில் இல்லை. பக்கத்தில் வெட்டுத்துணிக்குள் கிடந்தது. எப்போது நழுவியது என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

ரம்ஜானுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில் பாதிப் பேருடைய சட்டை அவனிடம் கிடந்தது. இரண்டு மாதமாக முதுகுவலி, சாயங்காலமானால் காய்ச்சல். குனிந்தே உட்கார்ந்திருப்பவனுக்கு முதுகு வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று ஊரே சொன்னது, அவனும் சொல்லிக்கொண்டான். நேற்று எதிர்வீட்டுக் குள்ளம்மாள் வந்தாள். கால் முன்னால் வந்து பிறந்தவள். அவள் மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்று அந்தத் தெருவுக்கே நம்பிக்கை. அவனைக் குப்புறப் போட்டு நடு முதுகில் மூன்று முறை மிதித்தாள். மூன்றாவது மிதியில் உள்ளே ஏதோ நெரிந்தது. வலி குறைந்த மாதிரி இருந்ததில் அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

மத்தியானம் டவுன் ஆஸ்பத்திரியில், பினாயில் வாடையும் பழைய மூத்திர வாடையும் கலந்து மூக்கை அடைக்க, தலைக்கு மேலே மின்விசிறி ஒரே இடத்தில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே சுற்ற, கட்டில் பக்கத்தில் டாக்டரம்மா குண்டூசியோடு நின்றார்.

"குத்துனா சொல்லுங்க."

காத்திருந்தான்.

"குத்துங்கம்மா."

அவர் கை வயிற்றுப் பக்கமாக மேலே நகர்ந்தது. கொஞ்சம் கழித்துத் தொப்புளுக்கு மேலே சுருக்கென்றது. தலையைத் தூக்கிப் பார்த்தான். பாதத்திலிருந்து வயிறு வரை சிவப்புப் புள்ளிகள்.

சுருக்கென்ற இடத்தில் அவர் பேனாவால் கோடு போட்டார். "முதுகெலும்புக்குள்ள சீழ் கட்டி நரம்ப நெரிக்குது. இன்னிக்கே சேலத்துல ஆபரேஷன் பண்ணணும். ஆம்புலன்ஸ் வண்டி மொரப்பூர் போயிருக்கு, வந்துரும்." பிறகு அவன் மனைவி வஹிதாவிடம் மெதுவாக, "மரத்துப்போறது இந்தக் கோட்டத் தாண்டுச்சுன்னா ஒடனே கூப்பிடுங்க. நெஞ்சுக்கு ஏறுனா மூச்சு நின்னுரும்."

மெதுவாகச் சொன்னாலும் அவனுக்குக் கேட்டுவிட்டது.

"வஹிதா, நான் நடப்பனா?"

"நடப்பீங்க. பேசாம படுங்க."

வெளியே ஒரு வண்டிச் சத்தம் நெருங்கி, நிற்காமல் போனது. வஹிதா வாசலுக்கு ஓடினாள். புரண்டு படுக்கப் பார்த்தான். முடியவில்லை. யாரோ தன்னைக் கோடு வரைக்கும் மண்ணுக்குள் புதைத்துவிட்ட மாதிரி இருந்தது. பயம் அடிவயிற்றில் இல்லை, அங்கே எதுவுமே இல்லை, தொண்டையில் இருந்தது.

சட்டைக் காலரில் எப்போதும் செருகியிருக்கும் தையல் ஊசியை உருவினான். பார்க்கத் தைரியமில்லை. கூரையைப் பார்த்தபடி, கை நிதானத்திலேயே குத்தினான்.

கோட்டில். ஒன்றுமில்லை.

ஒரு விரற்கடை மேலே. இல்லை.

இன்னும் மேலே. இன்னும்.

அழுத்தினான்.

இல்லை.

"ஏங்க, வண்டி வந்துருச்சு." வஹிதா உள்ளே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள்.

என்ன என்று கேட்க வாயைத் திறந்தான். காற்று பாதிதான் வந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தான். இடது மார்புக்குக் கீழே ஊசி, நூல் கோக்கும் காது வரை இறங்கியிருந்தது. வெளியே தெரிந்த அந்தத் துளி இரும்பு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடியது.